பண்டிகையும் பள்ளிக்கூடமும்: வாசகர் கேள்வி – பதில்

அரசுப் பள்ளிகளில் சமயப் பண்டிகைகளையும் அவற்றுக்கான விடுமுறைகளையும் எவ்வாறு கையாள்வது என்பது குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு கேட்டிருந்தோம். ஆசிரியர்கள், பெற்றோர், தலைமையாசிரியர்கள் எனப் பல தரப்பினரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கி, சில கேள்விகளைச் சுருக்கி வெளியிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்களுடையது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. சரஸ்வதி பூஜைக்கு முந்தைய வேலைநாளில் வகுப்பறைகளைக் கழுவி, கரும்பலகைக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, படம் வைத்துப் பூஜை செய்து, பொரி கடலை கொடுப்பது வழக்கம். இந்த ஆண்டு ஒரு மாணவனின் தாயார், தம் மகனைப் பூஜையில் நிற்க வைக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். தலைமையாசிரியரோ, "காலங்காலமாக நடப்பதை ஒருவருக்காக நிறுத்த முடியாது, பையன் அன்றைக்கு லீவு போட்டுக்கொள்ளட்டும்" என்கிறார். எது முறை?
— ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: பையனை லீவு போடச் சொல்வது எந்த வகையிலும் முறையாகாது. அன்று பள்ளி வேலைநாள்; வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இருக்கிறது; மதிய உணவு அவனுக்கும் சேர்த்தே சமைக்கப்படுகிறது. பள்ளி தானாக ஏற்பாடு செய்த ஒரு நிகழ்ச்சிக்காகப் பிள்ளையை வெளியே அனுப்பினால், அந்தப் பள்ளி அன்றைக்கு அவனுடைய பள்ளியாக இல்லை என்று ஆகிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தலைமையாசிரியரிடம் பணிவாக எடுத்துச் சொல்லலாம். அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது. அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் எந்தக் கல்வி நிறுவனத்திலும், பயில்பவருடைய சம்மதம் இல்லாமல், அவர் சிறுவராக இருந்தால் பாதுகாவலருடைய சம்மதம் இல்லாமல், அங்கு நடக்கும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளுமாறு அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. பூஜையும் போதனைதானா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். பூஜை வழிபாடுதான் என்பதில் வாதத்துக்கு இடமில்லை. அந்தத் தாயார் எழுதிக் கொடுத்த கடிதம் அரசமைப்புச் சட்டம் அவருக்குத் தந்திருக்கும் உரிமையின்படி எழுதப்பட்டது. அதைப் பள்ளிக்கு எதிரான புகாராக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது டாக்டர் அம்பேத்கர் சொன்ன காரணங்கள் இன்றைக்கும் படித்துப் பார்க்க வேண்டியவை. எல்லோரிடமும் வசூலிக்கும் வரிப்பணத்தில் ஒரு சமயத்தை வளர்ப்பது முறையாகாது என்பது ஒன்று. இத்தனை சமயங்கள் உள்ள நாட்டில் ஒவ்வொன்றுக்கும் பள்ளியில் இடம் கொடுக்க அரசால் இயலாது என்பது இன்னொன்று. தமிழ்நாட்டிலும் 1968-இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, அரசு அலுவலகங்களிலிருந்து கடவுள் படங்களைப் படிப்படியாக அகற்றுமாறு சுற்றறிக்கை அனுப்பப்பட்டது. எனவே "காலங்காலமாக" என்ற வாதத்துக்கு எதிர்ப்பக்கமும் காலங்காலமாக இருந்து வருகிறது.

சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பொரி. பூஜை முடிந்ததும் கிழித்த நோட்டுத் தாளில் பொரியும் பொட்டுக்கடலையும் ஒரு துண்டு வெல்லமும் வைத்து, வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஆசிரியரே கொடுப்பார். படைத்ததை உண்ணக் கூடாது என்று வீட்டில் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை அதை வாங்காமல் இருக்க முடியாது; கொடுப்பவர் ஆசிரியர். வாங்கிய பின் தின்னவும் முடியாது. ஜியாமெட்ரி பெட்டிக்குள் கொட்டி மூடிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவன் "ஏன்டா திங்கல?" என்று கேட்டுவிடக் கூடாதே என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைக் கவனித்துப் பார்க்கும் ஆசிரியர் யாரும், "எல்லோரும் விரும்பித்தானே கலந்துகொள்கிறார்கள்" என்று சொல்லமாட்டார். ஆசிரியருக்கு முன்னால் பத்து வயதுப் பிள்ளை காட்டும் விருப்பத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நியாயமாகாது. இஸ்லாமிய, கிறிஸ்தவ ஆசிரியர்கள் பலர் இந்தப் பூஜைகளில் அன்போடு முன்னின்று வேலை செய்திருக்கிறார்கள் என்பதும் உண்மையே. ஆனால் அவர்கள் பெரியவர்கள்; விலகி நிற்கவும் அவர்களால் முடியும்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? ஆயுத பூஜையின் பெரும் பகுதி வேலைதான். வகுப்பறையைக் கழுவுவது, பெஞ்சுகளைத் தேய்ப்பது, நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடுவது, ஆய்வகத் தராசைத் துடைத்து வைப்பது, தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவது, வாசலில் மாவிலைத் தோரணம் கட்டுவது ஆகிய இவை அனைத்திலும் எல்லாப் பிள்ளைகளும் மனநிறைவோடு கலந்துகொள்ளலாம். வேலை முடிந்து களைத்திருக்கும் நேரத்தில் பொரி கடலையைச் சிற்றுண்டியாகவே, எதன் முன்னும் வைக்காமல், கொடுத்துவிடுங்கள். நவராத்திரி என்றால் என்ன, கொலு ஏன் வைக்கிறார்கள், வங்காளத்தில் இதே நாட்களில் துர்க்கா பூஜை எப்படி நடக்கிறது என்பதை ஒரு பாடவேளையில் சொல்லிக்கொடுங்கள். சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது 28-ஆம் பிரிவு தடை செய்யும் போதனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் அருணா ராய் வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. பூஜையை அவரவர் வீட்டுக்கும் கோயிலுக்கும் விட்டுவிடலாம். மறுநாளே விடுமுறைதானே, அந்த விடுமுறை அதற்காகத்தான் கொடுக்கப்படுகிறது.

கேள்வி: என் மகள் படிக்கும் அரசுப் பள்ளியில் "சமத்துவப் பொங்கல்" வைக்கிறார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள். சூரியனுக்குப் படைப்பதில் எங்கள் சபையாருக்கு உடன்பாடு இல்லை. மகளோ சேலை கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.
— ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: அனுப்பி வையுங்கள். தமிழ்நாட்டில் கத்தோலிக்கப் பங்குகள் (திருச்சபை வட்டாரங்கள்) பலவற்றில் ஆலய வளாகத்திலேயே பொங்கல் வைக்கிறார்கள். அறுவடைக்கு நன்றி சொல்லும் நாளாக அதை எல்லோரும் ஏற்றுக்கொள்ள வழி இருக்கிறது. பள்ளிகள் அதைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே காரணம். ஆனால் உங்கள் தயக்கத்தையும் நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். பானை பொங்கும்போது குலவையிடுவது, கோலம் போடுவது, கரும்பு நடுவது, உறியடிப்பது வரை அது ஊர்த் திருவிழா. கற்பூரம் காட்டி, எல்லோரையும் கைகூப்பச் சொல்லி, திருநீறு பூசிவிடும்போது அது வழிபாடாகிவிடுகிறது. வகுப்பாசிரியரை முன்கூட்டியே பார்த்து, இரண்டாவது பகுதியைத் தவிர்க்குமாறு கேளுங்கள். இந்த விழாவின் பெயரிலேயே சமத்துவம் இருப்பதால் பெரும்பாலான ஆசிரியர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டாலும், உங்கள் மகள் அந்த ஐந்து நிமிடம் கைகட்டி மரியாதையாக நின்றால் போதும்.

மௌனமாக நிற்பதற்கு உள்ள மதிப்பை உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் பாடப்படும்போது எழுந்து மரியாதையாக நிற்பார்கள். ஆனால் தங்கள் நம்பிக்கையின் காரணமாகப் பாடமாட்டார்கள். அதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. தேசிய கீதத்துக்கே இந்த இடம் உண்டென்றால் பொங்கல் பானைக்கு முன்னால் நிற்பதற்கு இல்லாமல் போகாது.

கேள்வி: ரமலான் மாதமும் ஆண்டுத் தேர்வும் சேர்ந்தே வந்துகொண்டிருக்கின்றன. பத்தாம் வகுப்பில் பல பிள்ளைகள் நோன்பு வைக்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்களைப் பார்த்து வைக்கிறார்கள். "படிக்கிற பிள்ளைகள், வேண்டாம் என்று சொல்லுங்கள் சார்" என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். சொல்லலாமா?
— தலைமையாசிரியர், அரசு உயர்நிலைப் பள்ளி, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: சொல்லக் கூடாது. நோன்பு வைப்பதும் விடுவதும் அந்தப் பிள்ளையும் வீட்டாரும் எடுக்க வேண்டிய முடிவு. சிறு பிள்ளைகளுக்கும் நோயுற்றவர்களுக்கும் நோன்பு கடமையாக்கப்படவில்லை என்பதை வீட்டிலும் பள்ளிவாசலிலும் எடுத்துச் சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பொறுப்பு, பிள்ளைக்கு மயக்கம் வந்தால் உடனே தண்ணீர் கொடுத்துப் பெற்றோரை அழைப்பதும், நோன்பு இருப்பதால் எந்த வகுப்பிலும் அவன் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதும்தான்.

இஸ்லாமிய ஆண்டு சந்திரனைக் கொண்டு கணக்கிடப்படுவதால் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 11 நாட்கள் முன்னே நகர்கிறது. சில ஆண்டுகளாக மார்ச், ஏப்ரல் தேர்வுக் காலத்தோடு அது மோதியதற்கும், இனி மெல்ல விலகி முன்னே செல்வதற்கும் இதுவே காரணம். எந்த ஆண்டில் எந்த வாரங்களில் வரும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே தோராயமாகக் குறித்துவிடலாம். ஆகவே "திடீரென்று வந்துவிட்டது" என்று கல்வித்துறை சொல்ல இடமில்லை. பெருநாளின் சரியான தேதி மட்டும் பிறை பார்த்துத் தலைமை காஜி அறிவித்த பிறகே உறுதியாகும். எனவே கால அட்டவணை போடுபவர்கள் எதிர்பார்க்கும் நாளுக்கு முன்னும் பின்னும் ஒரு நாளைத் தேர்வு இல்லாமல் விட்டுவைப்பது நல்லது. துறை இதைச் செய்யக்கூடியதுதான். 2024-இல் 4 முதல் 9 வரையிலான வகுப்புகளின் ஆண்டுத் தேர்வில், ரம்ஜானை ஒட்டி வந்த அறிவியல், சமூக அறிவியல் தேர்வுகள் பிந்தைய தேதிகளுக்கு மாற்றப்பட்டன. மாற்றத்தை அட்டவணை போடும்போதே செய்திருந்தால் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

உங்கள் பள்ளி அளவில் செய்யக்கூடியவை வேறு. பத்தாம் வகுப்பு மாலைச் சிறப்பு வகுப்பை நோன்பு இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் காலை முதல் பாடவேளைக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள். சஹருக்காக, அதாவது நோன்பு தொடங்குமுன் உண்ணும் உணவுக்காக, விடியுமுன்பே எழுந்துவிடுகிறார்கள் என்பதால் காலையில் தெளிவாக இருப்பார்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் கணக்கு சொல்லிக்கொடுத்தால் கரும்பலகையைப் பார்ப்பதைவிடக் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள். நோன்பு திறக்கும் நேரத்துக்குள் வீட்டுக்குப் போய்ச் சேரும்படி பள்ளி விட வேண்டும். உடற்கல்வி வேளையில் ஓடவைக்காமல் மதிப்பெண் குறித்துவைக்கும் வேலை, நடுவர் வேலை கொடுக்கலாம். மதிய உணவு நேரத்தில் மற்றவர்கள் சாப்பிடும் வரிசைக்குப் பக்கத்திலேயே அவர்களை உட்காரவைக்க வேண்டியதில்லை. நூலகத்தைத் திறந்து விடுங்கள். சத்துணவு எண்ணிக்கையிலும் அவர்களைக் காலையிலேயே கழித்துக் குறித்துவிட்டால் சோறு வீணாகாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். யார் யார் நோன்பு என்று வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லி எண்ணாதீர்கள். நோன்பு வைக்காத இஸ்லாமியப் பிள்ளையும் அந்த வகுப்பில் இருப்பான். உடல்நிலை காரணமாகவோ, பெண் பிள்ளையாக இருந்தால் மாதவிடாய் காரணமாகவோ நோன்பை விட்டிருக்கலாம். அதை நாற்பது பேருக்கு முன்னால் சொல்லவைப்பது கொடுமை. தேவைப்படுபவர்கள் வகுப்பாசிரியரிடம் தனியே சொல்லிக்கொள்ளட்டும்.

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கிறோம். மகன் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. டிசம்பர் நிகழ்ச்சியில் கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடவைக்கிறார்கள். மறுக்கலாமா? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பள்ளிக்கு அனுப்பாமல் இருந்தால் பிரச்சினை வருமா?
— ஒரு தந்தை

பதில்: மறுக்கலாம்; ஆனால் மறுப்பதற்கு முன்னால் நிகழ்ச்சி எப்படிப்பட்டது என்று பாருங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962-இல் அரசுப் பள்ளிகளில் அரசே எழுதிக் கொடுத்த பிரார்த்தனையைச் சொல்லவைப்பதையும், 1963-இல் பக்திப் பயிற்சியாக விவிலியம் வாசிப்பதையும் அரசமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. 1963 தீர்ப்பிலேயே, சமயங்களைப் பற்றி விருப்பு வெறுப்பின்றிக் கற்பிப்பதற்குத் தடை இல்லை என்றும் சொல்லப்பட்டது. இதை வைத்துக்கொண்டு டிசம்பர் நிகழ்ச்சியை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி தெற்கு டகோட்டா மாநிலத்தின் சூ ஃபால்ஸ் நகரில் வழக்காக வெடித்தது. மழலையர் வகுப்புக் குழந்தைகளைக் கொண்டு நடத்திய கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி பிரசங்கம் போல் இருந்ததாகப் புகார் வந்ததும், அங்குள்ள கல்வி வாரியம் விதிமுறை ஒன்றை வகுத்தது. பண்டிகைப் பாடல்களையும் அடையாளங்களையும் பண்பாட்டுப் பாடத்தின் பகுதியாக, நிதானத்தோடும் நடுநிலையோடும் பயன்படுத்தலாம், தம் நம்பிக்கைக்கு ஒவ்வாதது என்று கருதும் மாணவருக்கு விலக்கு உண்டு என்பது அதன் சாரம். 1980-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதிமுறையை ஏற்றது. உங்கள் பள்ளியிலும் பனிமனிதன் பாட்டுக்கு நடுவே இரண்டு கிறிஸ்துமஸ் பாடல்கள் வந்தால் அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. நிகழ்ச்சி முழுவதுமே இயேசுவின் பிறப்பைத் துதிப்பதாக இருந்தால், ஆசிரியருக்கு நாலு வரி எழுதி, மகனுக்கு மேடை விளக்கையோ திரைச்சீலையையோ இயக்கும் வேலை தரச் சொல்லுங்கள். அவன் நண்பர்களோடு அந்த மாலையில் அங்கே இருக்க வேண்டும். வீட்டில் தனியே உட்கார்ந்திருக்கக் கூடாது.

விடுமுறை விஷயத்தில் உங்கள் மாநிலச் சட்டம் மிகத் தெளிவானது. தமிழ்நாட்டு வாசகர்களும் அறிந்துகொள்ள வேண்டியது. நியூ ஜெர்சியில் சமயப் பண்டிகைக்காக வராத நாள், பெற்றோர் எழுதிக் கொடுத்தால், அனுமதிக்கப்பட்ட விடுப்பாகவே பதிவாகும். அன்று நடந்த தேர்வை வேறொரு நாளில் எழுத மாணவருக்கு உரிமை உண்டு. அந்த நாள் வராததைக் காரணம் காட்டி எந்தப் பரிசையும், பரிசுக்குப் போட்டியிடும் வாய்ப்பையும் மறுக்கக் கூடாது. மாநிலக் கல்வி வாரியம் ஆண்டுதோறும் நீண்ட பண்டிகைப் பட்டியல் ஒன்றை வெளியிடுகிறது. அதில் இல்லாத நாட்களையும் உள்ளூர்க் கல்வி வாரியம் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால், உங்கள் ஊரில் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக இருந்தால் பொங்கலைப் பற்றி வாரியக் கூட்டத்தில் ஒன்றாகப் போய்ப் பேசுங்கள்.

பள்ளியையே மூடவைப்பது இன்னொரு படி. நியூயார்க் நகரம் 2015-இல் இரண்டு ஈத் பெருநாட்களையும் பள்ளி விடுமுறைகளில் சேர்த்தது. தீபாவளிக்கு அந்நகரப் பள்ளிகளை மூடும் சட்டத்தில் 2023 நவம்பரில் ஆளுநர் கேத்தி ஹோக்குல் கையெழுத்திட்டார். 2024 நவம்பர் 1 அன்று முதன்முறையாகப் பள்ளிகள் மூடப்பட்டன. எல்லா இடங்களிலும் இப்படி முடியவில்லை. மேரிலாந்து மாநிலத்தின் மாண்ட்கோமரி மாவட்டத்தில் இஸ்லாமியப் பெற்றோர் ஈத் நாளையும் நாட்காட்டியில் குறிக்கக் கேட்டபோது, 2014-இல் கல்வி வாரியம் கிறிஸ்துமஸ், யூதர்களின் யோம் கிப்பூர் முதலிய எல்லாப் பெயர்களையும் நாட்காட்டியிலிருந்து நீக்கிவிட்டு, அதே நாட்களில் மட்டும் பள்ளியை மூடியது. கேட்டவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை; கேட்காதவர்களுக்குப் பெயர் போனது. இரு தரப்பாரும் வருந்தினார்கள். பெயரை மறைப்பதால் சமத்துவம் வருவதில்லை என்பதை அந்த வாரியம் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி: ஒரு மாவட்டத்தில் ஒரு கோயில் தேர் என்றால் எல்லாப் பள்ளிகளுக்கும் விடுமுறை. இத்தனை விடுமுறைகள் எதற்கு? படிப்பு கெடாதா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் குறிப்பிடுவது மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை. அதற்கு ஈடாக வேறொரு நாள், பெரும்பாலும் ஒரு சனிக்கிழமை, வேலைநாளாக அந்த அறிவிப்பிலேயே குறிக்கப்படும். வங்கி விடுமுறைகளுக்கு அடிப்படையான செலாவணி முறிச் சட்டத்தின்படி அது பொது விடுமுறை ஆகாது என்பதால் கருவூலங்கள் குறிப்பிட்ட பணியாளர்களோடு இயங்கும். பொதுத் தேர்வு இருந்தால் அதுவும் நடக்கும். எனவே படிப்பு நாட்கள் குறைவதில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் கேட்கும் வேலைநாட்களும், அதாவது தொடக்க நிலையில் 200, ஆறு முதல் எட்டு வரை 220, இதனால் பாதிக்கப்படுவதில்லை.

எல்லாவற்றையும்விட இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம், இது ஊரைப் பார்க்கிறது. மதுரையில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நாள், தூத்துக்குடியில் ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா, நாகூர் கந்தூரி, கோட்டாறு சவேரியார் திருவிழா, அய்யா வைகுண்டர் அவதார தினம், நீலகிரியில் படுகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகை என ஒவ்வொன்றும் அந்தந்த மண்ணில் எல்லோரும் தெருவில் இருக்கும் நாள். பஸ் ஓடாத, பாதி வகுப்பு காலியாக இருக்கும் நாளில் பள்ளியைத் திறந்து வைத்துப் புதுப் பாடம் நடத்தினால், வராதவர்களுக்கு இழப்பு. நடத்தாவிட்டால் வந்தவர்களுக்கு வீண். ஈடுசெய்யும் சனிக்கிழமையைச் சில பள்ளிகள் அரைநாளாகக் கழித்துவிடுகின்றன என்பதுதான் உண்மையான குறை. அதைக் கேளுங்கள்.

கேள்வி: என் மகன் அரசு நிதியுதவி பெறும் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். ஆண்டு முழுவதும் ஒரே ஒரு நாள்தான் பள்ளிக்குப் போகவில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ஊருக்குப் போய் என் தகப்பனார் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம். ஆண்டு விழாவில் "முழு வருகை"க்கான பரிசு அவனுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விதி அப்படியென்றால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அவன் அழுததைத் தாங்க முடியவில்லை.
— ஒரு தந்தை, திருச்சிராப்பள்ளி

பதில்: விதி அப்படி இருக்கக் கூடாது என்பதுதான் என் பதில். உங்கள் மகனோடு படிக்கும் பெரும்பாலான பிள்ளைகளின் முக்கியப் பண்டிகைகள் எல்லாம் அரசு விடுமுறைப் பட்டியலில் இருக்கின்றன. அந்த நாட்களில் அவர்கள் கோயிலுக்குப் போனாலும் தாத்தா வீட்டுக்குப் போனாலும் வருகைப் பதிவேட்டில் ஒரு கோடுகூட விழாது. உங்கள் மகனுக்குக் கிறிஸ்துமஸும் புனித வெள்ளியும் உண்டு. கல்லறைத் திருநாள் இல்லை. இன்னொரு பிள்ளைக்கு சபே பராத் இரவு விழித்திருந்த மறுநாள் இல்லை. கேரளத்திலிருந்து வந்து குடியேறிய பிள்ளைக்குப் பல மாவட்டங்களில் ஓணம் இல்லை. இதைத் தவிர்க்கவே முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எல்லோருடைய எல்லா நாட்களையும் பொது விடுமுறை ஆக்கினால் பள்ளி நடக்காது. பட்டியலுக்கு வெளியே விழும் நாட்களுக்காகப் பிள்ளை இழப்பைச் சுமக்கக் கூடாது என்பதே நான் கேட்பது.

வழி ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பொது விடுமுறை போக "வரையறுக்கப்பட்ட விடுப்பு" என்று ஆண்டுக்கு 3 நாட்கள் உண்டு. ஆசிரியர்களின் பேச்சில் அதற்கு "ஆர்.எல்." என்று பெயர். சாம்பல் புதன், கல்லறைத் திருநாள், சபே பராத், ஓணம், குருநானக் ஜெயந்தி என ஒரு பட்டியலை அரசே ஆண்டுதோறும் வெளியிடுகிறது. தமக்கு வேண்டிய நாளை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தற்செயல் விடுப்பு அதனால் குறைவதில்லை. இத்தகைய நாள் ஒவ்வொருவர் வாழ்விலும் இருக்கும் என்று அரசு உணர்ந்து செய்த ஏற்பாடு அது. உங்கள் மகனின் வகுப்பாசிரியரே அதே நவம்பர் 2 அன்று அந்த விடுப்பில் தம் தாயாரின் கல்லறைக்குப் போயிருக்கலாம். அவருக்கு எந்தக் குறையும் இல்லை. அதே நாளில் போன பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மட்டும் பரிசு பறிபோகிறது. பெரியவருக்குக் கொடுத்ததைச் சிறியவருக்கு மறுப்பதற்கு ஒரு காரணம்கூட எனக்குத் தோன்றவில்லை. மேலே நியூ ஜெர்சி வாசகருக்குச் சொன்ன விதி இதைத்தான் செய்கிறது: விடுப்பு பதிவாகும், தேர்வு மறுபடி நடக்கும், பரிசு தடைபடாது. அரசாணை ஒன்றின் மூலம் மாணவர்களுக்கும் மூன்று நாட்கள் விருப்ப விடுப்பு கொடுப்பதில் அரசுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு இல்லை.

அரசாணை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். முழு வருகைப் பரிசு பெரும்பாலும் அந்தந்தப் பள்ளி தானே வைத்துக்கொண்ட வழக்கம். பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோர்தான். அடுத்த கூட்டத்துக்கு முன் குழுத் தலைவருக்கும் தலைமையாசிரியருக்கும் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். கோபமாக எழுத வேண்டாம். உங்கள் மகனின் பரிசைத் திருப்பிக் கேட்பதாகவும் எழுத வேண்டாம், ஏனென்றால் அப்படி எழுதினால் அது ஒரு வீட்டுக் குறையாகச் சுருங்கிவிடும். இவ்வாறு எழுதலாம்:

"தமிழ்நாடு அரசு வெளியிடும் வரையறுக்கப்பட்ட விடுமுறைப் பட்டியலில் உள்ள ஏதேனும் மூன்று நாட்களில், பெற்றோர் முன்கூட்டியே எழுத்துமூலம் தெரிவித்து, மாணவர் பள்ளிக்கு வராமல் இருந்தால், அந்த நாட்களை முழு வருகைப் பரிசுக்கான கணக்கில் குறைவாகக் கொள்ளாதிருக்கவும், அன்று நடைபெற்ற வகுப்புத் தேர்வை அடுத்த ஒரு வாரத்துக்குள் எழுத வாய்ப்பளிக்கவும், வரும் கல்வியாண்டு முதல் எல்லா மாணவர்களுக்கும் பொருந்தும்படி தீர்மானம் நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

வேறு சமயங்களைச் சேர்ந்த இரண்டு மூன்று பெற்றோரின் கையெழுத்தையும் கீழே வாங்கிக்கொண்டு, ஒரு நகலில் பெறப்பட்ட தேதியோடு பள்ளி முத்திரை வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.